சூடானதும் நின்றுவிடும் சத்தம்

பதுளையில் ஒரு கராஜின் நடுவே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயால் கார் எஞ்சினைப் போலச் சத்தம் எழுப்பியபடி நான் நின்ற ஒரு காலைப்பொழுது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. "டிக் டிக் டிக் டிக்" என்றேன். கராஜ் நடத்தும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, தலையைச் சாய்த்துக் கேட்டார். "தகரத்துல தட்டுற மாதிரியா டீச்சர், மரத்துல தட்டுற மாதிரியா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து இன்னொரு தடவை செய்து காட்டினேன். வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்த வேலையாள் சிரிப்பை அடக்குவது கேட்டது. எங்கள் பாடசாலை அதிபர் சற்றுத் தள்ளி, பழைய டயர்களின் பக்கத்தில், இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார் அவருடையது. தினமும் ஓட்டுபவரும் அவர்தான். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு மட்டுமே கேட்டது.

பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதிபர் ஹாலிஎலயிலிருந்து தன் பழைய வெள்ளைக் காரில் பதுளை வழியாகத்தான் வருவார். என் அப்பாவைவிட வயதில் மூத்தவர். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர். பேசும்போதுகூட மேசையில் இருக்கும் எதையாவது எடுத்து இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். பஸ்ஸை நம்பி நான் தாமதமாக வந்த ஒரு நாள், "நாளையிலிருந்து என் வண்டியில வாங்க டீச்சர், பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அது திட்டா உதவியா என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் முதல் அவருக்கு இடப்பக்கத்து சீட்டு என்னுடையதானது.

அந்த வாரத்திலேயே சத்தத்தைக் கவனித்தேன். பாடசாலை விட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, குளிரில் நின்றுகிடந்த வண்டியை அவர் ஸ்டார்ட் செய்தால், முன்னாலிருந்து டிக் டிக் என்று வரும். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும். காலையில் மேடு ஏறும்போது மிக மெல்லியதாகத் திரும்பவும் கேட்கும். அவர் காலை அழுத்த அழுத்த வேகமாக அடிக்கும். இறக்கத்தில் காலை எடுத்தால் பின்னால் சைலன்சரில் படபடவென்று நாலைந்து வெடி. "சேர், ஏதோ சத்தம் வருதுங்க" என்றேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார். "எப்ப இருந்து?" என்று கேட்டார். என்ன சத்தம் என்று கேட்கவில்லை. பிறகு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே, தன் வலது காது சுத்தமாகப் போய்விட்டது என்றும், இடது காதில் பக்கத்தில் பேசுவது மட்டும் கேட்கும் என்றும் சொன்னார். "பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது. புதுக் கட்டடம் பாதியில நிக்குது. காது கேக்காதவன்னு கல்விக் கந்தோர்ல மேலதிகாரிங்களுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க. அது முடியிற வரைக்கும் நீங்க சொல்லாதீங்க." நான் சரி என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. அவர் கேட்காததையெல்லாம் நான் கேட்டாக வேண்டியிருந்தது. வளைவுக்கு முன்னால் பஸ்ஸின் ஹோன் கேட்டால் உடனே சொல்வேன். மற்ற நேரமெல்லாம் அந்த டிக் டிக்கைத் தேடிக்கொண்டிருப்பேன். இருந்தால் பயம், இல்லாவிட்டால் எங்கே போனது என்று அதைவிடப் பயம். வகுப்பில் ஒரு பிள்ளை பென்சிலால் மேசையைத் தட்டினால் கரும்பலகையிலிருந்து திடுக்கிட்டுத் திரும்புவேன். சனிக்கிழமைகளில் இருவரும் கராஜுக்குப் போவோம். ஆனால் ஹாலிஎலயிலிருந்து ஓடி வந்த வண்டி அங்கே போய்ச் சேரும்போது சூடாகியிருக்கும். நானாவின் முன்னால் எஞ்சின் ஒரு குற்றமும் இல்லாததுபோல ஓடும். அதனால்தான் நான் வாயால் சத்தம் எழுப்ப வேண்டி வந்தது. நானா முதலில் வால்வைச் சரிபார்த்து முடுக்கினார். நிற்கவில்லை. அடுத்த தடவை எஞ்சின் பக்கத்துத் தகடு ஆடுகிறது என்று கம்பி போட்டுக் கட்டினார். அப்போதும் நிற்கவில்லை. "டீச்சருக்குக் காது கொஞ்சம் கூடுதலாக் கேக்குது போல" என்று மெதுவாகச் சொன்னார். அதிபர் காதில் அது விழவில்லை. எனக்கு முகம் எரிந்தது.

இதற்கிடையே எனக்கு அடிக்கடி தலைவலி வந்தது. அவருக்குத் தலைசுற்றல். நான் வளைவு ரோட்டைக் குறை சொன்னேன். அவர் தன் பிரஷரைக் குறை சொல்லி, மருந்துக் குளிசையை மாற்றிக்கொண்டார். மழைக்காலத்தில் இது கூடியது. வெயில் நாட்களில் தொந்தரவே இருக்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகும் நாட்களில்தான் இப்படி வருகிறது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாள் பனிமூட்டமாக இருந்தது. பசறையைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. "சேர்" என்றேன். பிறகு கத்தினேன். அவருடைய நல்ல காது என் பக்கம்தான் இருந்தது, ஆனாலும் அவர் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ நின்றிருந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முன்சக்கரம் ரோட்டோரம் மழைநீர் ஓடும் கானுக்குள் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. நல்லவேளையாக அது மலைப்பக்கத்துக் கான். இன்னொரு பக்கம் தேயிலைச் சரிவு.

மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். நான் இறங்கியதும் வாந்தி எடுத்தேன். அதிபரைப் பிடித்து ரோட்டோரக் கல்லில் உட்காரவைத்தார்கள். காற்றுப் பட்ட கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்து, "என்னாச்சு டீச்சர்?" என்றார். என் பையை எடுக்கக் காருக்குள் குனிந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க டீச்சர், உள்ளுக்குள்ள இப்புடிப் புகை வாடை அடிக்குது" என்றாள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்பதால், எஞ்சின் பிரேக்கை எதிர்த்துத் திணறியபடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே நின்று கேட்டேன். டிக் டிக் டிக். மாதக்கணக்கில் ஒரு சத்தத்தையே துரத்திக்கொண்டிருந்த எனக்கு, அது காற்று வெளியேறும் சத்தம் என்று அப்போதுதான் உறைத்தது. இரும்பு எதுவும் இடிபடவில்லை. எங்கேயோ ஓர் இடைவெளியில் புகை விட்டுவிட்டுப் பீய்ச்சி அடிக்கிறது. இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி இறுகிச் சத்தம் அடங்குகிறது. மேட்டில் எஞ்சின் திணறும்போது திரும்பவும் பிதுங்குகிறது. நாங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத்தான் சுவாசித்திருக்கிறோம்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனோம். இந்த முறை நான் பிடிவாதமாக நின்றேன். வண்டி இரவு அங்கேயே கிடக்கட்டும், காலையில் நாங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றேன். மறுநாள் காலை நானா சாவியைத் திருப்பியதும் கராஜ் முழுக்க அந்த டிக் டிக் கேட்டது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேலையாளிடம் பழைய துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயை ஒரு நிமிடம் அடைக்கச் சொன்னார். பின்னால் போக வழியில்லாத புகை, எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் புஸ்ஸென்று சீறியது. சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தபோது அங்கே நுரை பொங்கியது. "வெடிப்பு இங்கதான் ஈக்கி. காத்து உள்ளுக்கு இழுக்கிற துவாரம் இதுக்கு நேர் மேல. அவ்வளவு புகையும் உங்க மூக்குக்குத்தான் வந்தீக்கி" என்றார். பிறகு அதிபரைப் பார்த்து, "சேர், ஓட்டுறது நீங்க. உங்களுக்கு இந்தச் சத்தம் கேக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"அவருக்கும் கேட்டுச்சு, நான்தான்..." என்று தொடங்கினேன். அதிபர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "கேக்கல. எனக்குக் காது கேக்காது" என்றார். வேலையாட்கள் உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. நானா சங்கடப்பட்டு வேறு பேச்சுக்குப் போவதற்காக, "பின்சீட்டுல யாரும் ஏறுறதில்லத்தானே?" என்று கேட்டார்.

அதிபர் டயர் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார். மழை நாட்களில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தூரத்து லயங்களிலிருந்து நடந்து வரும் சின்னப் பிள்ளைகளை வழியில் கண்டால் நாங்கள் ஏற்றிக்கொள்வது வழக்கம். மழை நாள், கண்ணாடி ஏற்றிய வண்டி. நான்கைந்து பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள்.

அந்தச் சனிக்கிழமையே அவர் லயம் லயமாக ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, பிள்ளைக்குத் தலைவலி இருந்ததா, வாந்தி வந்ததா என்று கேட்டார். தன் வண்டியின் புகை உள்ளே வந்திருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். யாராவது ஒருவர் தன்னைத் திட்டிவிட மாட்டார்களா என்று அவர் காத்திருந்ததுபோல எனக்குப் பட்டது. ஒருவரும் திட்டவில்லை. "வளைவு ரோட்டுல எல்லாருக்கும் வர்றதுதானுங்களே சேர். நீங்க ஏத்திக்கிட்டுப் போனதே பெரிய உதவிங்க" என்று ஒரு தாய் சொல்லி, பிளேன்டீ கொடுத்தாள். அவர் அதைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கைவைத்தியர் முதல் பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் வரை கேட்டுப் பார்த்தார். அந்தப் புகையின் விஷம் தூக்கம்போலத்தான் ஆளை மயக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவருக்கு அடங்கவில்லை. வகுப்புகளைச் சுற்றி வரும்போது எந்தப் பிள்ளையாவது மேசையில் தலை சாய்த்திருந்தால் உள்ளே போய் எழுப்பிப் பார்ப்பார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் தன் காதைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். "இனி எங்கிட்டப் பேசுறவங்க இடது பக்கமா வந்து பேசுங்க" என்றார். அவர் பயந்தபடி கந்தோரிலிருந்து யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்டடமும் முடிந்தது. கார்ச் சாவியை மட்டும் அவர் திரும்பத் தொடவில்லை. "ஓட்டப் பழகுங்க டீச்சர்" என்று என்னிடம் நீட்டினார். நான் லைசன்ஸ் எடுக்கும் வரை இருவரும் பசறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். பிறகு நான் ஓட்டினேன். முன்சீட்டில் உட்கார்ந்தால் கேட்காத காது என் பக்கம் வரும் என்பதால் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பெரியவர் டீச்சரை டிரைவராக வைத்திருக்கிறார் என்று ஊரில் பேசினார்கள். வழியெல்லாம் முன்னால் குனிந்து, "ஏதும் சத்தம் வருதா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஓய்வு பெறும் நாள்வரை கேட்டார். இல்லை என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் முழுதாக நம்பியதில்லை.

போன மாதம் அவர் காலமானார். நல்ல முதிர்ந்த வயதில், தூக்கத்தில் போன சாவு. ஹாலிஎலயில் சாவு வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று வயது மகனோடு பஸ்ஸுக்கு நின்ற பெண், "டீச்சர், என்னையத் தெரியுதுங்களா?" என்றாள். அந்த மழை நாட்களில் எங்கள் பின்சீட்டில் ஏறியவர்களில் ஒருத்தி. அப்போது நான்காம் வகுப்பில் படித்தாள். பசறைக்குப் போக வேண்டும் என்றாள். இருவரையும் ஏற்றிக்கொண்டேன். என் கார் இந்தக் காலத்து வண்டி. மெதுவாகப் போகும்போது எஞ்சின் ஓடுவதே தெரியாது. பதுளையைத் தாண்டும்போதே பிள்ளை பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டது.

அவள் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். "நானும் இப்படித்தாங்க டீச்சர். சேரோட கார்ல ஏறினா எனக்குச் சொக்கிக்கிட்டுத் தூக்கம் வரும். நீங்க எழுப்பினாக்கூட எந்திரிக்க முடியாது. லயத்துல ஒரே ஒரு காம்பரா, அந்த அறையிலதான் எல்லாரும் கெடப்போம், அப்பாவுக்கு எப்பவும் இருமல். அந்த மாதிரி ஒரு தூக்கம் அதுக்கப்புறம் எனக்கு வந்ததே இல்லீங்க. சேரை நெனைச்சாலே அதுதான் ஞாபகம் வருது."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சாவு வீட்டில் அழுதிருந்த அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. ஆனால் அடுத்த வளைவுக்குள் என் கை தானாகப் போய் நான்கு கண்ணாடிகளையும் இறக்கியது. மழைத் தூறல் உள்ளே விழுந்தது.

"பிள்ள நனையுதுங்களே டீச்சர்" என்றாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றேன். "அவன ஒரு தடவ எழுப்பிப் பாருங்க."