நேசமலர் ரீச்சர் வெட்டிவிட்ட வரி

புத்தூரைத் தாண்டும்போதே நேசமலர் ரீச்சரின் மூச்சு நின்றுவிட்டதாம். போன ஞாயிறு மத்தியானம் வாடகைக் கார்ச் சாரதி திரும்பி வந்து, காரை விட்டு இறங்காமலே சொன்ன செய்தி அது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஞாயிறுகளில் டாக்குத்தர் வருவதில்லை. அம்புலன்ஸ் என்றைக்குமே இருந்ததில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கடற்கரை ஊரில் தனியாக இருந்தவர். நான் மீன்பிடிச் சங்கத்துச் செக்கிரட்டரி, எட்டாம் வகுப்பு, ஊருக்காக அரசாங்கக் கந்தோர்களுக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவன். என்னிடமிருந்த ஆங்கிலம் ஒரே வசனம்: “ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக்.” மிகவும் தாழ்மையுடன் மன்றாடுகிறேன் என்று அர்த்தம். அதற்குப் பின்னால் வலை, வள்ளம், மண்ணெண்ணெய், எதைக் கோத்தாலும் பெட்டிசம் ஆகிவிடும். ஊர் என்னைப் பெரிய இங்கிலீசுக்காரன் என்று நம்பியது. நானும் மறுக்கவில்லை.

நாலு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைப்பேற்று வலியோடு என் மகளை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கேற் பூட்டியிருந்தது. வேறு வாகனம் பிடித்து வருவதற்குள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அம்புலன்ஸ் கேட்டு நான் எழுதிய பெட்டிசங்களுக்கு மறுமொழி வரவில்லை. ஒருநாள் ரீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

“பெட்டிசத்தை விடுங்கோ, செக்கிரட்டரி. கொழும்பு இங்கிலீஸ் பேப்பருக்கு உங்கடை அபிப்பிராயத்தைக் கட்டுரையா எழுதுங்கோ.”

“எனக்கெங்கை ரீச்சர் அபிப்பிராயம்? அது பெரிய உத்தியோகத்தருக்கெல்லோ.”

“கறியிலை உப்புக் குறைஞ்சா மனுசியிட்டைச் சொல்லுறேல்லையோ?”

“உங்களுக்கு என்ரை மனுசியைத் தெரியாது.”

சிரித்துக்கொண்டே, எழுத ஒரு கொப்பியைத் தந்தார். மறுவாரம் நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தபோது சிரிக்கவில்லை. என் மகள் இறந்துவிட்டாள் என்று மிகவும் தாழ்மையுடன் மன்றாடுகிறேன் என ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினார்.

“செத்தது உங்கடை பிள்ளை. ஆரிட்டைக் கெஞ்சுறியள்?”

“என்னட்டை வேறை இங்கிலீசு இல்லை, ரீச்சர்.”

“அப்ப தமிழிலை சொல்லுங்கோ.”

“ஞாயிற்றுக்கிழமையிலை பிள்ளை பிறக்கக்கூடாதோ?” என்று கத்திவிட்டேன்.

“ஓம். அதுதான் முதல் வரி.”

எழுதினோம். பிறகு ஆஸ்பத்திரிக்காரரின் நியாயத்தையும் ஒரு பந்தியில் எழுதச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவையின்ரை நியாயத்தை நானேன் எழுதோணும்?”

“நீங்கள் எழுதாட்டி அவை எழுதுவினம். நீங்கள் எழுதினா, மறுமொழியையும் நீங்களே சொல்லலாம்.”

ஒரு டாக்குத்தர், அவருக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும். அந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது. எழுதிய பிறகுதான், அவரில் இருந்த கோபம் விலகி, கேட்கவேண்டியது அம்புலன்ஸ்தான் என்பது தெளிவாகத் தெரிந்தது.

கட்டுரை வெளிவந்தது. சில மாதங்களில் சுகாதாரக் கந்தோரிலிருந்து கடிதமும் வந்தது: “உமது பெட்டிசம் கிடைத்தது. கவனிக்கப்படும்.” ரீச்சர் அதை இரண்டு தரம் படித்தார்.

“கட்டுரையையும் பெட்டிசமாக்கிப் போட்டாங்கள்,” என்றார். அதன்பின் இருவருமாக இன்னும் இரண்டு எழுதினோம். எதுவும் வெளிவரவில்லை. அம்புலன்ஸும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், ஒருவரும் சொல்லாமலே முன்னால் தூக்கியவர்கள் நின்றார்கள். பெட்டியைக் கேற்றடியில் இறக்கினோம். காவலாளி ஓடிவந்தான்.

“என்னண்ணை, ஆருக்கு வருத்தம்? இண்டைக்கு டாக்குத்தர் நிக்கிறார்.”

“ஒருத்தருக்கும் வருத்தமில்லை, தம்பி. ரீச்சர் தன்ரை அபிப்பிராயத்தைச் சொல்ல வந்தவா,” என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு கேற்றின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஒருவரும் உள்ளே போகவில்லை. சற்றுநேரம் நின்று, மறுபடி தோளில் தூக்கினோம்.

போங்கோ ரீச்சர். இனித் திருத்த ஆளில்லை; பிழைபிழையாகத்தான் எழுதப்போகிறேன். எழுதாமல் விடமாட்டேன்.