அக்கா கொடுத்த வாக்கும் பாயின் மயிலைப் பசுவும்

எங்கள் அக்கா இயற்கை எய்தி ஓராண்டு நிறைவுறுகிறது. இந்த நினைவு மலரில் அக்காவின் பொறுமையைப் பற்றி நான் எழுத வேண்டுமென்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அப்படி எழுதினால் அக்காவை அறிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அக்காவுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவுதான். ஆனால் சொன்ன சொல்லை அவர் மீறி நான் பார்த்ததில்லை.

அக்கா பிறந்தது திருப்போரூரை அடுத்த சிற்றூரில். எனக்கு விவரம் தெரிவதற்குள் பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மணமான இரண்டாம் ஆண்டே கணவரையும் இழந்த அக்கா, இட்லி சுட்டு விற்றுத் தம்பியான என்னைச் செங்கல்பட்டில் படிக்க வைத்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதிதாக எழுந்த அரசுக் குடியிருப்பில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது, ஒரு தகரப் பெட்டியோடு என்னுடன் வந்து இறங்கினார். எனக்குத் திருமணம் செய்து வைத்தவரும் அவரே.

எழுபதுகளின் தொடக்கம் அது. தஞ்சாவூர், திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே வரிசையில் குடியிருந்தோம். பால் வேனில் வந்து டிப்போவில் கிடைக்கும். வெயில் காலத்தில் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் வேன் எங்காவது நின்றுவிடும். வந்து சேரும் பால் அடுப்பில் வைத்ததும் திரிந்துபோகும். என் மகளுக்குத் தாய்ப்பால் மறக்கடித்த நேரம் அது. குழந்தை வீறிட்டு அழ, அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்பைத் தாண்டி நடந்தார். திரும்பி வந்தபோது பின்னால் மாடு, அதன் கன்று, மாட்டைப் பிடித்தபடி தோப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஒரு பாய்.

அன்று முதல் பாய் தினமும் விடியலில் மாட்டை எங்கள் வாசலுக்கே ஓட்டி வருவார். கறக்கும் முன் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவார், உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு. முதல் நாள் அக்கா சொம்புக்குள் விரலை விட்டே பார்த்தார். சில வாரங்களில் நம்பிக்கை வந்து, இனிக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாய் கேட்கவில்லை.

"நீ பாக்குறியோ இல்லியோ தங்கச்சி, நான் காட்டாம கறக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பாலை மூன்று பொங்கு பொங்கவிட்டுத்தான் அக்கா குழந்தைக்குக் கொடுப்பார். தான் மட்டும் கறந்த சூட்டோடு ஒரு வாய் குடிப்பார். யார் தடுத்தாலும் கேட்கமாட்டார். அந்தப் பாலில் போட்ட காபியின் மணம் வரிசை முழுவதும் பரவியது. தஞ்சாவூர்க்காரர் வீடு முதலில் கேட்டது. பிறகு எல்லா வீடுகளும் கேட்டன. ஒரு மாட்டுப் பால் போதவில்லை. இன்னொன்று வாங்கினால் ஆண்டு முழுவதும் நாங்கள் வாங்குவோம் என்று எல்லார் சார்பிலும் அக்காவே வாக்குக் கொடுத்தார். பாய் கடன் வாங்கிச் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசுவை ஓட்டி வந்தார்.

வினையும் அந்த மயிலையால்தான் வந்தது. டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தார். குடியிருப்பு வாயிலில் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் கட்டியிருந்தோம். பாய் எங்கள் வீட்டில் காபி குடித்து முடிக்கும் வரை மயிலையின் கயிற்றைப் பிடித்திருந்தவர் அக்கா. எதிர் வீட்டு அம்மாளோடு பேச்சு சுவாரசியத்தில் கயிறு நழுவியது தெரியவில்லை. போய்ப் பார்த்தால் வாழை இருந்த இடத்தில் தண்டுதான் மிச்சம். தோரணத்தின் கடைசி இலை மயிலையின் வாயில் இருந்தது.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது, குடியிருப்புக்குள் மாடு நுழையக்கூடாதென்று. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, எல்லாரும் டிப்போ பாலே வாங்க வேண்டும், உன் சகோதரியிடம் சொல்லிவை என்றார். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். பாயோ மயிலையைச் சந்தைக்கு ஓட்டத் தயாராகிவிட்டார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"மாடு உள்ள வரக்கூடாதுன்னுதானே உங்க ஆபீசரு சொல்லிகீறாரு? நான் வெளிய போவக்கூடாதுன்னு சொல்லலியே."

அன்று மாலையே வீடு வீடாகப் போனார், மாட்டை வாயிலுக்கு வெளியே ஓட்டி வரும்படி பாய்க்கும் சொல்லி அனுப்பினார். விடிந்தபோது சொம்பும் தூக்கும் ஏந்திய பெண்கள் வாயிலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். ஆனால் மயிலை சுரக்க மறுத்தது. பஸ் ஹாரன் அடிக்க அடிக்கத் துள்ளியது.

"புது எடம். மெரண்டுகினு கீது" என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டார். சந்தைதான் வழி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாட்டுக்கு எது பழகிய இடமோ அங்கே நாம் போவோம் என்று தோப்புக்குள் இறங்கிவிட்டார். பின்னால் மொத்தப் பெண்களும். பாய் வீட்டுக் கொட்டிலில் மயிலை சமர்த்தாகச் சுரந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. நான்கு நாளில் ஓய்ந்துவிடுவார்கள் என்று மேலதிகாரி சொன்னாராம். யாரும் ஓயவில்லை. குடையும் கோணிப்பையும் தலையில் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு போய் வந்தார்கள். டிப்போ பால் விற்காமல் திரும்பியது. ஒரு தூறல் காலையில், வரிசையின் கடைசியில் முந்தானையால் முக்காடு போட்டபடி ஓர் அம்மையார் நின்றார். மேலதிகாரியின் மனைவி. அவர் மாமியார் டிப்போ பால் காபியைத் தொடவே மறுத்துவிட்டாராம். எல்லாரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாய்க்கு அது விருந்துதான். ஆனால் அக்கா அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நீங்க மொதல்ல வாங்கிகினு போங்கம்மா. அய்யாவுக்கு டூட்டிக்கு நேரமாயிடும்" என்றார்.

அடுத்த வாரமே உத்தரவு மாறியது. கயிற்றோடு பிடித்து வந்தால் மாட்டுக்குத் தடையில்லை. கொம்பில் மஞ்சள் பூசி, கழுத்தில் புது மணி கட்டி மயிலை வாயிலுக்குள் நுழைந்த அந்தக் காலையில் கயிற்றை இறுகப் பிடித்திருந்தவர் எங்கள் அக்கா. காவலாளி விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். சலாம் மாட்டுக்கா அக்காவுக்கா என்று எங்கள் வரிசையில் இன்றுவரை வழக்கு நடக்கிறது. எனக்கு வந்த பெருமையில் அன்று அலுவலகத்துக்கு நெஞ்சை நிமிர்த்திப் போனேன். மேலதிகாரியைக் கண்டதும் பழையபடி குனிந்துகொண்டேன்.

அதன்பின் அக்கா வாழ்ந்த ஏழெட்டு ஆண்டுகளில் பாய் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. எங்கள் வரிசையில் ஒரு வீடும் வாங்காமல் இருந்ததில்லை. கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு வந்து படுத்த பிறகும், கழுத்து மணி கேட்டால் என் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிடுவார்.

அக்காவின் நோயில் இரவு பகல் பாராது உதவிய மருத்துவர் அய்யாவுக்கும், சமைத்து அனுப்பிய எங்கள் வரிசைக் குடும்பங்களுக்கும், வண்டி கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் முன்னால் நடந்து வந்த எங்கள் பழைய மேலதிகாரிக்கும் அவர் துணைவியாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். தகனம் முடிந்த மறுநாள், சுடுகாட்டில் பால் தெளிக்கப் புறப்படும் வேளை. பாலுக்கு ஆள் அனுப்ப எழுந்தேன். வாசலில் மணி கேட்டது. பாய் மயிலையோடும் கன்றோடும் நின்றிருந்தார். வாசற்படியில் அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு உட்கார்ந்து கறந்தார்.

அந்தப் பாலைத்தான் அக்காவுக்குத் தெளித்தோம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.