எச்சில் ஸ்பூன்

ஸ்பெயினின் அஸ்டோர்காவில் சாக்லேட்டைத் தண்ணீரில்தான் காய்ச்சுவார்கள். கடற்கரையூரில் பிறந்த பெனிக்னா நாற்பத்தோரு வருடமாகப் பாலில் காய்ச்சினாள். சாக்லேட் ஆலையில் அரைவைக்கல்லைப் பார்த்துக்கொண்ட கணவர் எவுதிமியோ, கோப்பையை வாங்கும்போதெல்லாம், "இது பால்குடிப் பிள்ளைக்குக் காய்ச்சறது" என்பார். மிச்சம் வைக்காமல் குடித்தும் விடுவார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குத் தண்ணீர் புரையேறியது. கெட்டியானது மட்டுமே தொண்டையில் இறங்கியது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது. வயிற்றில் குழாய் போடவேண்டும் என்றார்கள். அவருடைய அப்பா கடைசி வருடத்தைக் குழாயோடு கழித்தவர். ஒரு கோப்பை இருமாமல் இறங்கினால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் நியேவெஸ் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை பாதிக் கோப்பை நன்றாக இறங்கியது. பிறகு இருமல் பிடித்து முகம் நீலமானது. நியேவெஸ் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தாள். ஸ்பூன் நிற்கும் பதத்தில் காய்ச்சியது தண்ணீராய் ஓடியது.

"எச்சில் பட்ட ஸ்பூனையே திரும்பத் திரும்ப உள்ள விட்டீங்களாம்மா? எச்சில் பட்டா, கெட்டியாக்கப் போட்ட மாவு இளகிடும்."

வியாழக்கிழமை பெனிக்னா கல்யாணத்துக்கு வந்த பன்னிரண்டு ஸ்பூன்களையும் எடுத்துத் துடைத்து வைத்தாள். முதல்முறையாகத் தண்ணீரில் காய்ச்சினாள். மூன்று முறை பொங்கவிட்டு மூன்று முறை இறக்கினாள். அவர் தங்கை ஒப்துலியா எட்டிப் பார்த்து, "நீங்க தண்ணியில காய்ச்ச, எங்க அண்ணன் படுக்கையில விழவேண்டியிருந்துச்சு, அண்ணி" என்றாள். பெனிக்னா கிண்டுவதை நிறுத்தவில்லை.

ஒவ்வொரு வாய்க்கும் ஒரு புது ஸ்பூன். முதல் வாய் உள்ளே போனதும் அவர் அவளைப் பார்த்தார். தண்ணீரில் காய்ச்சியது அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு, மூன்று, நான்கு. இருமல் இல்லை. ஐந்தாவதை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். ஆறாவதற்கு உதடு திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். சாக்லேட்டின் மேல் ஆடை படிந்தது.

"பிடிக்கலையோ?" என்றாள் ஒப்துலியா.

"பிடிச்சிருக்கு. முடியல" என்றாள் பெனிக்னா.

பக்கத்தில் நின்று பார்த்திருந்த நியேவெஸ் எதையோ எழுதிக்கொண்டு, குழாய் போடக் கூட்டிப்போக வர்ற திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வரும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

பெனிக்னா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத்தை அவர் வாயிலிருந்து எடுத்த ஸ்பூனாலேயே சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட அது இளகிக்கொண்டே போனது. அடியில் இருந்ததைக் குடிக்கத்தான் வேண்டியிருந்தது.