தம்பி வரப்பின் புல்

என் தம்பிக்குப் புல் வளர்ப்பதற்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லியனூரைத் தாண்டி, ஏரியை ஒட்டி எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிலம். நான் லாஸ்பேட்டையில் குடியிருந்துகொண்டு, ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, விடிந்ததும் ஸ்கூட்டரில் போய் என் பங்கைக் கவனித்துவிட்டு வருகிறவன். தம்பி அங்கேயே இருக்கிறான். என் வயலில் ஒரு களையைப் பார்க்க முடியாது. யூரியா மூட்டை மூட்டையாக இறங்கும், மருந்து முறை தவறாது. அவன் வரப்பிலோ கோரையும் அருகும் முழங்கால் உயரம் மண்டிக் கிடக்கும். 'சுத்த சோம்பேறி' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி நானே சிரித்திருக்கிறேன்.

அந்தச் சோம்பேறியைத் தேடித்தான் அரசாங்கத் திட்டம் வந்தது. ஏரித் தண்ணீர் கெடாமல் இருக்க, கரையோர நிலத்தில் உரமும் மருந்தும் போடக் கூடாது. வரப்பைப் பூச்சிக்கும் பறவைக்கும் விட்டுவிட வேண்டும். அதனால் குறைகிற விளைச்சலுக்கு ஈடாக வருஷா வருஷம் ஒரு தொகை. தம்பி புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எப்போதும்போல இருந்தான், அவ்வளவுதான்.

பணத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கழுத்தில் பைனாகுலரோடு காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவனை 'ஐயா' என்று கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். என்னிடம் அவன் வயலுக்கு வழி கேட்டார்கள். கொக்கும் நீர்க்கோழியும்கூட அவன் பக்கம்தான் இறங்கின. என் வயலில் ஒரு தவளைச் சத்தம் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

நானும் மனு போட்டேன். இந்தப் போகத்தோடு உரத்தையும் மருந்தையும் நிறுத்திவிடுவதாகக் கையெழுத்தும் போட்டேன். வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகத் திட்ட ஆபீஸிலிருந்து போன் வந்தது.

ஆபீசர் வருகிறார் என்றால் வயலைத் திருத்தி வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு நாள் லீவு போட்டேன். ஆள் வைத்து வரப்பைச் செதுக்கி, சேறு பூசி மெழுகினேன். ஏரி ஓரத்தில் கொஞ்சம் புல் மிச்சம் இருந்தது. அதற்கும் களைக்கொல்லி அடித்தேன். புதுமாப்பிள்ளை கன்னம்போல வழவழவென்று ஆகிவிட்டது வரப்பு.

வந்தது ஒரு சின்ன வயசுப் பெண். கையில் பூச்சி பிடிக்கிற வலை. மெழுகிய வரப்பைக் குனிந்து பார்த்தார்.

"ஏன் சார் எல்லாத்தையும் செதுக்கிட்டீங்க? புல்லு பூச்சி இன்னா இருக்குன்னு பாக்கத்தான் நான் வந்ததே."

"நீங்க வரீங்கன்னுதாம்மா செதுக்குனேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, புல் நன்றாக முளைத்த பிறகு மறுபடி மனு போடச் சொன்னார். எத்தனை வருஷம் ஆகும் என்றேன். அதை மண்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அடுத்து அவர் தம்பியின் வயலுக்குப் போனார். வருஷாந்திரப் பரிசோதனையாம். கால் நிற்காமல் நானும் பின்னாலேயே போனேன். வலையை இரண்டு வீச்சு வீசியதற்கே நிறையச் சிக்கியது. ஃபாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார்.

"எத்தனை வருஷமா மருந்து அடிக்கல?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்மா."

"இயற்கை விவசாயத்துல ஆர்வமா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. என் ஸ்ப்ரேயர் ரிப்பேராயிடுச்சு. இரவல் கேட்டேன், கிடைக்கல. அப்படியே உட்டுட்டேன்."

கேட்டது என்னிடம். என்னுடையதைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, 'ஆபீசுக்கு நேரமாவுது, அப்புறம் பாக்கலாம்' என்று அனுப்பிவைத்தவன் நான். அவன் என் பேரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது வேறு. அன்றைக்கே ஸ்ப்ரேயரைக் கொடுத்துத் தொலைத்திருந்தால், இவனும் என்னைப்போல மொட்டை வரப்பில் நின்றுகொண்டிருப்பான்.