எதிரணிக்காரி கொடுத்த அஷ்ட சூரணம்

போன வருஷம் உடுமலைப்பேட்டையில் நடந்த பெண்கள் கபடிப் போட்டியில் எங்கள் அன்னூர் அணி முதல்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. எங்கள் அணியில் ரெய்டு போகிறவள் நான்தான். காலையில் அரையிறுதியை ஜெயித்த குஷியில், மத்தியானம் பரோட்டாவையும் சால்னாவையும் ஒரு பிடி பிடித்தேன். இறுதியாட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. குனியக்கூட முடியவில்லை.

குழாயடியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை முட்டியது. அப்போது பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தாள் எதிரணியின் கேப்டன்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

இவளிடம் போய்ச் சொல்வதா என்று ஒரு நொடி தயங்கினேன். வலி சொல்ல வைத்துவிட்டது.

அவள் கோவையில் ஆயுர்வேதம் படிக்கிறவளாம். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, வலப்பக்கம் அடிவயிற்றில் குத்துகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

“அப்ப வாயுதானுங்க. குத்து வலியா இருந்தா ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லியிருப்பேன்.”

பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தாள். பெருங்காய வாசம் குப்பென்று அடித்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் எட்டும் சேர்த்து அவளே அரைத்த அஷ்ட சூரணம். டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து கலக்கிக் கொடுத்தாள்.

“நான் ஆடலீன்னா உங்களுக்குத்தானுங்களே நல்லது?”

“நீங்க இல்லாம ஜெயிச்சா அதுவும் ஒரு ஜெயிப்புங்களா? குடிச்சுப்போடுங்க.”

குடித்தேன். தொண்டை எரிந்தது. இருவரும் மைதானத்தை மெதுவாகச் சுற்றி நடந்தோம். மூன்றாவது சுற்றில் ஒரு ஏப்பம் வந்தது பாருங்கள்! சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த நடுவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. வயிறு இளகிவிட்டது. எனக்குப் பறக்கலாம் போலிருந்தது.

ஆட்டம் கடைசிவரை சமமாகவே போனது. கடைசி ரெய்டு என்னுடையது. ஓரத்தில் நின்றவளைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தேன். கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது. கேப்டன்தான்! மண்ணில் விழுந்து, மூச்சை அடக்கி, கையை எட்டினமட்டும் நீட்டினேன். விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டதும் நடுவர் விசில் ஊதினார். ஜெயித்துவிட்டோம்!

எங்கள் அணி மொத்தமும் ஓடிவந்து என்மேல் விழுந்தது. அவர்களை விலக்கி எழுந்து, அவளைத்தான் முதலில் தேடினேன். கண் கலங்கித்தான் நின்றாள். ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“மருந்தைக் கொஞ்சம் கம்மியாக் கொடுத்திருக்கோணுமுங்க!”

கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோப்பையோடு படம் எடுக்கும்போது அவளையும் இழுத்து வந்து எங்கள் நடுவில் நிறுத்தினோம்.