மூன்றாம் பக்கத்துக்குப் போன எங்கள் இணையதளம்

கீரமங்கலத்தில் நானும் கணவரும் பூச்செடி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறோம். இணையத்தில் தேடினால் முதலில் வரும் எங்கள் தளம், திடீரென்று மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தானும் நாற்று விற்கப் புதிதாகத் தளம் தொடங்கியிருந்த கொழுந்தனார்தான் ஏதோ செய்துவிட்டார் என்று சந்தேகப்பட்டு, அவரிடம் பேச்சையே நிறுத்தினேன்.

அப்போது முன்பின் தெரியாத ஒருவர் போனில், "பாஸ்வேர்டு குடுங்க, பழையபடி முதலிடத்துக்குக் கொண்டாந்துர்றேன்" என்றார். நான் சொல்லப்போகும்போது, என் கோபத்துக்குக் காரணம் கேட்க வந்திருந்த கொழுந்தனார் பதறிவிட்டார்.

"சொல்லாதீங்க மதினி! எங்கிட்டயும் இப்படித்தான் கேட்டான். தேடுபொறியில விதிய மாத்திட்டாங்க. ஊருபட்ட தளத்துல இருக்கிறதையே நாமளும் போட்டிருந்தா கீழ தள்ளிருதாம். என்னோடதும் போச்சு."

போனை வைத்துவிட்டு, அவர் சொன்னதையும் நம்பாமல் தேடிப் பார்த்தேன். அவர் தளம் எங்களுக்கும் கீழே கிடந்தது.

இப்போது ஒவ்வொரு செடியையும் நாங்கள் வளர்த்த அனுபவத்தை என் சொந்த வார்த்தையில் எழுதுகிறேன். கொழுந்தனாரோடும் பேசுகிறேன். பாஸ்வேர்டை மட்டும் அவருக்கும் சொல்வதில்லை.