எல்லாவற்றுக்கும் ஆமாங்க

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறியவர்கள். கத்தரி, மிளகாய் வைத்தோம். என் வீட்டுக்காரர் சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுபோவார்.

ஒருநாள் திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள். பக்கத்தில் கிடந்த பையில் பற்றரி இருந்ததாம். சண்டை நடந்த அந்த நாளில் குண்டு செய்ய உதவும் என்று பற்றரி கொண்டுபோகத் தடை. பை உன்னுடையதா என்று பொலிஸ் கேட்டிருக்கிறது. ஆமாங்க என்றிருக்கிறார். இயக்கத்துக்கா என்று கேட்டதற்கும் ஆமாங்க.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படித்தான். துரை கேட்டால் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆமாங்க என்போம். இல்லை என்றால் வேலை போய்விடும்.

அந்த வாக்குமூலத்துக்கு வருஷக்கணக்கில் மறியலில் அடைப்பார்கள் என்றார்கள். சட்டத்தரணிகள் பலர் கைவிரித்தார்கள். ஒரு பெண் சட்டத்தரணி மட்டும் எடுத்தார். என்னிடம் வீட்டுக்காரரைப் பற்றி நிறையக் கேட்டார்.

வழக்கன்று கோட்டில் நீதவானிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரைக் கேட்டார்.

"நீங்கள் பிறந்தது யாழ்ப்பாணத்திலயோ?"

"ஆமாங்கம்மா."

"உங்களுக்கு ரெண்டு பெண்சாதியோ?"

"ஆமாங்கம்மா."

கோடு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீதவான் பேனையை வைத்தார்.

"அப்ப நான் உம்முடைய தம்பியோ?"

"ஆமாங்க தொரை."

பை யாருடையது என்பதற்கு வேறு சாட்சி உண்டா என்று நீதவான் பொலிஸைக் கேட்டார். இல்லை. வீட்டுக்காரரை விட்டார்கள்.

வெளியில் வந்ததும் சட்டத்தரணி அம்மா அவரிடம் சொன்னார்: "ஐயா, இனி ஆர் கேட்டாலும் என்ன இருக்கெண்டு நீங்களாச் சொல்லுங்கோ."

பிறகு அந்த அம்மா நகரசபைத் தேர்தலில் நின்றார். பொம்பிளைக்குக் கோடு காணாதோ, சபையும் வேணுமோ என்று கடைத்தெருவில் நக்கலடித்தார்கள். வென்றார். பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசக் கொழும்புக்கும் கூப்பிட்டார்கள். ஓம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்வி கேட்டு வாக்குமூலம் எடுக்கக்கூடாது என்று அங்கே சொன்னாராம். எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்கட மனிசன்ர கதையைத்தான் சொன்னனான், கோவிக்காதையுங்கோ" என்றார். பெயர் சொல்லவில்லையாம். எனக்கென்ன கோபம். தேத்தண்ணி கொடுத்தேன்.

விதி மாறியதா என்று எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை நானும் வீட்டுக்காரரோடு சந்தைக்குப் போனேன். சோதனைச்சாவடியில் மூட்டையைக் காட்டி, வெடிமருந்தா என்று ஒருவன் கேட்டான். வீட்டுக்காரர் சைக்கிளை என் கையில் கொடுத்தார். பிறகு மூட்டையை அவிழ்த்தார்.

"கத்தரிக்காய்ங்க. அடியில கொஞ்சம் பச்சை மிளகா."

போகச் சொன்னான். அன்று நல்ல விலை போனது.